அடுத்து எதை ஆடுவது என்று செண்பகம் கேட்கிறாள்

மக்கா,

நீ கோயம்புத்தூர் போய் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் போனில் பேசத்தான் செய்கிறோம். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், சாப்பிட்டேன் என்று நீ சொல்கிறாய். அப்பா எங்கே என்று நீ கேட்கிறாய், கடையில் என்று நான் சொல்கிறேன். அதற்கு மேல் நான் வாயெடுத்தால், "சரிம்மா, ஆபீஸ்ல கூப்பிடுதாங்க" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் உனக்கு மட்டும் தனியாக அனுப்பாமல், பழைய வீடியோ கேம்களைப் பற்றி ஐந்து வருஷமாக நீ எழுதிவந்து, போன மாதம் "இதுதான் கடைசிப் பதிவு" என்று மூடிவைத்தாயே, அதே பக்கத்தில் எழுதுகிறேன். கடை டேப்லெட்டில் உன் கணக்கு இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாய், பார். நீ மறுபடி எழுத வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ எழுதாமல் போனதற்கு நான் காரணம் என்பதால், உன் பதிலுக்குக் காத்திருக்கிற எல்லார் முன்னாலும் கேட்பதுதான் முறை என்று தோன்றியது.

உன்னைத் தெரிந்து என்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சங்கரன்கோவிலில் சேலைக்கடை வைத்திருப்பவள். ஊரில் விசைத்தறியில் நெய்கிற பருத்திச் சேலைதான் பெரும்பாலும். பட்டு கேட்பவர்களுக்கு நாங்களே வேறு கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவோம். சேலையை எடுத்துப் போட்டுப் பேசுவது நான், பில் போடுவது உன் அப்பா. இருபத்தாறு வருஷமாக அவர் அந்த பில் புக்கைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நீ அதே கடையில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வளர்ந்தவன்.

உன் மாமா துபாயிலிருந்து வரும்போது உள்ளங்கை அகலத்தில் அந்தக் கேம் கருவியைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தபோது உனக்குப் பத்து வயது. எல்லாப் பையன்களும் கார் ஓட்டவும் சுடவும் கேசட் கேட்பார்கள். உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கேசட். அதில் யாரோ நாலு பேர் ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இதில் என்னல இருக்கிறது என்று கேட்டால், "கத இருக்கும்மா" என்பாய். பரீட்சை வந்தது. சார்ஜரைப் பிடுங்கி, கடையில் உள்பாவாடைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கரிவலத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குத் துணி எடுத்துப்போன ஒரு அம்மாள் திரும்பி வந்து, "ஏக்கா, பாவாடைக்கு நாடா குடுப்பீக, வயருமா குடுப்பீக?" என்று சார்ஜரைத் தூக்கிக் காட்டினாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் சார்ஜரை உன்னிடம் கொடுக்கலாம் என்று உன் பையைத் திறந்தபோது, உன் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, அந்த விளையாட்டில் வருகிற ஊர்களையெல்லாம் நினைவிலிருந்தே வரைந்துவைத்திருந்ததைப் பார்த்தேன். எந்தக் கிணற்றுப் பக்கத்தில் யார் நிற்பார், என்ன சொல்வார் என்பதுவரை எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். அதை நீ தேடினாய், நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். இன்றைக்கு அந்த நோட்டு இருந்தால் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டுவேன். செய்த தப்பைத் தப்பு என்று சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம் நீ படித்தாய், சென்னையில் வேலை பார்த்தாய், அந்தக் கம்பெனி ஆளைக் குறைத்தபோது பெட்டியோடு ஊருக்கு வந்தாய். கடைக்குப் பின்னால் கட்டு அடுக்குகிற அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, கிடைத்த எழுத்து வேலைகளைச் செய்துகொண்டே இந்தப் பக்கத்தையும் தொடங்கினாய். அந்த முதல் கேசட்டைப்போல ஊர் ஊராக நடந்து கதை சொல்கிற பழைய ஆர்.பி.ஜி. ஆட்டங்களைப் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு வழி சொல்கிற பக்கம். நான் அதைப் பொழுது போகாமல் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியம் கட்டு எடுக்கப் பின்னால் வந்தபோது நீ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய். "எது பெஸ்ட்டுன்னு கேக்காதீங்க அண்ணே. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? பஸ்ல ஆடுவீங்களா, வீட்டுலயா? வாசிக்கப் பிடிக்குமா? கடைசியா நீங்க முழுசா பாத்த நீளமான கத எது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். எதிர்ப்பக்கத்து ஆள் பொறுமை இழந்து ஏதோ சொன்னார். நீ சிரித்துக்கொண்டே, "ரொம்பப் பெரிய ஆட்டத்த மொதல்ல எடுத்தா பாதியில மூச்சு முட்டும். இது சின்னது, இருவது மணி நேரம். பிடிக்கலன்னா மூடி வச்சிருங்க, சங்கடப்படாதீங்க" என்றாய். நான் கட்டைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஏன் தெரியுமா? அது என் பேச்சு. கடைக்கு முதல்முதலாக வருகிறவளிடம் நான் விலை உயர்ந்த சேலையை உதறிப் போடமாட்டேன். யாருக்கு, எதற்கு, எத்தனை மணி நேரம் உடுத்தியிருக்க வேண்டும், நின்று வேலை பார்ப்பவளா உட்கார்ந்து பார்ப்பவளா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து அலமாரிப் பக்கம் போவேன். பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டாலும், "பிடிக்கலன்னா மடிச்சு வச்சிருதேன், சங்கடப்படாதீங்க" என்றுதான் சொல்வேன். அதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீயாகக் கேட்டு வளர்ந்திருக்கிறாய். அன்றைக்கு என் நெஞ்சு விம்மிப்போனது. சொல்லியிருக்க வேண்டும். கட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, "எத்தன நேரந்தான் போன்ல பேசுவ, வந்து சாப்புடு" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் திருட்டுத்தனமாக உன் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். பாதி புரியாது. ஆனால் புரிந்தவரைக்கும் சொல்கிறேன், உன்னைப்போலப் பேசுகிறவர்கள் குறைவு. மற்றவர்கள் எழுதியதையும் பார்த்தேன். என்னென்ன ஆடியிருக்கிறோம் என்று தங்கள் பெருமையைத்தான் அடுக்குகிறார்கள். நீ எதிரே இருப்பவரைப் பார்த்து எழுதுகிறாய். முறை வைத்து ஆடுகிற பழைய ஆட்டங்கள் நாம் யோசித்து முடிக்கும்வரை காத்திருக்கும், அதனால் வயதானவர்களும் பயப்பட வேண்டாம் என்று எழுதினாய். புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், அரை மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும் என்றாய். சண்டை அலுத்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அது ஒன்றும் ஏமாற்று இல்லை என்றாய். கருவி வாங்கும்போது அதன் வேகத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் சட்டைப்பையில் நுழைகிறதா, எழுத்து உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா, பொத்தான் உங்கள் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள் என்றாய். சேவ் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும் என்றும் ஒரு பதிவில் எழுதியிருந்தாய். நான் கூப்பிட்டு நீ வராமல் இருந்த அத்தனை சாப்பாட்டு நேரத்துக்கும் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு இன்னும் மன்னிப்புக் கிடையாது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மேலநீலிதநல்லூரில் உனக்குப் பேசி முடித்த பவானிக்குப் பூ வைக்கப் போயிருந்தோம். எல்லாம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர், "மாப்பிள்ள என்ன பண்ணுதாப்ல?" என்றார். நம் பக்கத்து ஆள் யாரோ, "வீடியோ கேம பத்தி எழுதுதான்" என்று சொல்லிவிட்டார். பந்தியில் ஒரு சிரிப்பு ஓடியது. கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரிப்புதான். பவானியின் அப்பா பாயசம் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு இலையில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேனில் ஏறியும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊர் வந்து சேர்வதற்குள் உன்னிடம், "பொண்ணு வீட்ல அந்தப் பக்கத்த நிறுத்தச் சொல்லுதாங்கல. ஒரு ஆபீஸ் வேலையாப் பாத்தா நல்லதுன்னு நெனைக்காங்க" என்றேன்.

அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு என்றால் இப்படித்தான். தன் வாயால் சொல்லக் கூசுவதையெல்லாம் பெண் வீட்டார் சொன்னதாகவோ மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாகவோ சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்வோம். மண்டபம் சின்னதாகப் போதும் என்று நினைக்கிறவர், அவர்களுக்குத்தான் பெரிய மண்டபம் பிடிக்காது என்பார். என் அம்மா செய்தாள், நானும் செய்தேன். ஆனால் நீ அதோடு விடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பவானியும் சொன்னாளாம்மா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "ஆமா" என்றேன். உன் அப்பா முன்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும்.

அதற்கு மேல் நீ ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாளில் கோயம்புத்தூர் வேலைக்குச் சரி என்று சொன்னாய். கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, நம் கடை மஞ்சள் பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தாய். ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒரு குறை சொல்லவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் நீ ரயிலேறிய பிறகு எனக்கு அந்தப் பின் அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. கட்டு எடுக்க உன் அப்பாவைத்தான் அனுப்பினேன்.

போன வியாழக்கிழமை கடைக்கு ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கும். இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். சேலை பார்க்கவில்லை. "எக்கா, இந்தக் கடையில ஒரு தம்பி இருந்தாப்லலா, கேம் பத்தி எழுதுற தம்பி?" என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ போட்ட ஏதோ படத்தில் கருவிக்குப் பின்னால் நம் கடைப் பை தெரிந்ததாம். பெயர் செண்பகம். உனக்கு இந்தப் பெயர் தெரியாது. உன் பக்கத்தில் "ஒத்தக்கை" என்ற பெயரில் கேள்வி கேட்டது இவள்தான். வாரத்துக்கு இரண்டு நாள் தென்காசிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். நாலு மணி நேரம் ஊசி குத்திய இடது கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். "அந்த நாலு மணி நேரம் எனக்கு நாலு நாளு மாதிரிக்கா. சீலிங்க பாத்து பாத்துக் கிறுக்குப் பிடிச்சுரும். ஒத்தக் கையால ஆடுற மாதிரி ஏதாவது சொல்லுங்கன்னு தம்பிட்ட சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

நீ அவளிடம் கேட்ட கேள்விகளை அவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். எந்தக் கை, கண்ணாடி உண்டா, தலை சுற்றுமா, ஆங்கிலம் எழுத்துக்கூட்டியாவது வாசிப்பீர்களா, நடுவில் நர்ஸ் வந்தால் உடனே நிறுத்த வேண்டுமா. ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னாயாம். எடை குறைந்த கருவி ஒன்று, எல்லாப் பொத்தானையும் வலது பக்கத்துக்கு மாற்றிக்கொள்கிற வழி, எந்த நொடியிலும் அப்படியே நிறுத்தக்கூடிய பழைய ஆட்டம் ஒன்று, அதில் வருகிற கடினமான வார்த்தைகளுக்குத் தமிழில் ஒரு பட்டியல். அந்த ஒரு வாரம் ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நீ பின் அறையில் இடது கைமேல் உட்கார்ந்துகொண்டு ஒரு கையாலேயே ஆடிக்கொண்டிருந்தாய். "கையில என்னல, வாதமா?" என்று நான்தான் திட்டினேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாய். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக ஒரு வாரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறேன், அவனைப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். செண்பகம் முன்னாலேயே அழுதுவிட்டேன். உன் அப்பா பில் புக்கை மூடிவிட்டு எழுந்து வந்தார், அதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

ஆட்டத்தை முடித்துவிட்டாளாம். "கடைசியில அந்த ராசாவ மன்னிச்சு விட்டுட்டேங்கா. தம்பிட்ட சொல்லணும்னு ஓடி வந்தா, கடைசிப் பதிவுன்னு போட்டுருக்கு. ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றாள். நீ எழுதாமல் போனதால் உனக்கு உடம்புக்குத்தான் ஏதோ என்று அவள் பயந்திருக்கிறாள். கல்யாணம், வேலை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு, "அடுத்து எத ஆடுறதுன்னு யார்ட்ட கேக்க?" என்றாள்.

அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு பவானியின் அப்பாவுக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, ஒங்க பேரச் சொல்லி எம்மவன்ட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "நாங்க எதுக்கு தங்கச்சி நிறுத்தச் சொல்லப் போறோம்? தம்பியாத்தான் நிறுத்திட்டாப்லன்னுலா நெனச்சோம். இருங்க, பிள்ளட்ட குடுக்கேன்" என்றார். பவானி வந்தாள். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அத்த, அவுங்களாவது" என்றாள். என்மேல் இல்லாத கோபம் அவளுக்கு உன்மேல் இருந்தது. அது நியாயமான கோபம். கட்டிக்கப்போகிறவள் ஒன்றைச் சொன்னாள் என்று யாராவது வந்து சொன்னால், அது நானாகவே இருந்தாலும், அவளிடம் நேரே கேள். இதை மட்டும் என் புத்திமதியாக எடுத்துக்கொள். "இத நான் அவுங்கட்ட சொல்லவா, நீங்க சொல்லுதீங்களா?" என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

நீ வேலையை விட வேண்டாம். கோயம்புத்தூரும் இருக்கட்டும், சம்பளமும் இருக்கட்டும். சாயங்காலம் உட்கார்ந்து எழுத ஒரு மேசை அங்கேயும் போட முடியும். மஞ்சள் பையை நாளைக்கு கூரியரில் அனுப்புகிறேன். என்மேல் கோபம் இருந்தால் போனில் நன்றாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன், ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் வைத்துவிடாதே.

செண்பகத்திடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டு வைத்திருக்கிறேன். கருவி அதேதான். கண்ணாடி மாற்றியிருக்கிறாள், எழுத்து முன்னைவிட நன்றாகத் தெரிகிறதாம். போன கதையில் நிறையப் பேர் செத்துப்போனார்களாம், இந்தத் தடவை சிரிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்கிறாள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அவளுக்கு நேரம் இருக்கிறது. புதன்கிழமை காலையில் தென்காசி பஸ் ஏறுகிறாள். அதற்குள் என் மகன் பதில் சொல்லிவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பேரில் பேசுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை, மக்கா. பவானி பேரில் நான் சொன்னது பொய். உன் பேரில் சொன்னதையும் பொய்யாக்கிவிடாதே.

உன் அம்மா